குந்திலானாக்கோடு குடித்தனம்

ஜகார்த்தாவுக்கு மாற்றலாகி வரும் நண்பர் கேட்டார்: "அந்த இந்தோனேசியப் பட ஆப்புக்கு வருடச் சந்தாவைக் குறைத்துவிட்டார்களாமே, கட்டலாமா?"

ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன். படம் தெளிவு, சப்டைட்டில் பழுதில்லை, டவுன்லோடு செய்துகொண்டால் போகோர் ரயிலில் நிம்மதியாகப் பார்க்கலாம். என் பிரச்சினை பேய்.

இந்த ஊர் இயக்குநர் ஜோக்கோ அன்வாரின் பேய்ப் படம் 'பெங்காப்டி செத்தான்' (2017) பார்த்தேன். பிரமாதமான படம். அன்றோடு ஆப்பின் முகப்புப் பக்கம் சுடுகாடாகிவிட்டது. பிணத்தைச் சுற்றும் கஃபன் துணியின் முடிச்சை அவிழ்க்காமல் புதைத்ததால் குதித்துக் குதித்து வரும் போச்சோங் பேய்கள் ஒரு வரிசை, பிரசவத்தில் செத்து வெள்ளை உடையில் தலைவிரி கோலமாகத் திரியும் குந்திலானாக் அடுத்த வரிசை. சரி, போஸ்டரைத்தானே காட்டுகிறார்கள் என்று விட முடியாது. ரிமோட் ஒரு நொடி அங்கே நின்றால் முன்னோட்டம் சத்தத்தோடு ஓடும். ராத்திரி பதினொரு மணிக்கு, வீடே தூங்கும்போது, குந்திலானாக் சிரிக்கிறாள்! நிறுத்த செட்டிங்ஸில் வழியே இல்லை. புகார் செய்தேன், ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னார்கள். செய்தேன். சிரிப்பு இப்போது இன்னும் துல்லியமாகக் கேட்கிறது.

ஆப்பை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. இந்த ஊர் ரசனையே அப்படி. கிராம சேவைக்குப் போன கல்லூரி மாணவர்கள் அமானுஷ்யத்திடம் மாட்டிக்கொள்ளும் 'கேகேஎன் டி டேசா பெனாரி'யை 2022இல் 90 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். பேய் வேண்டாமென்று சிரிப்புப் படத்துக்குப் போனால், 2024இல் சக்கைப்போடு போட்ட 'அகாக் லாயென்' கதையே, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைப் பயமுறுத்தும் பேய் வீடு நடத்தும் நான்கு நண்பர்களைப் பற்றியது. உள்ளே வந்த ஒருவர் செத்துப்போக, அவரை அங்கேயே புதைத்துவிட, அப்புறம்தான் வியாபாரம் சூடுபிடிக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். 2025இல் ஒரு கோடிப் பார்வையாளர்களைத் தாண்டிய அனிமேஷன் படம் 'ஜும்போ'விலும் பையனுக்குத் துணையாக வருவது பேய்ச் சிறுமிதான். அதில் எனக்கே கண் கலங்கியது.

இவ்வளவு நல்ல படங்களைக் காட்டிய ஆப்புக்குச் சந்தா கட்டச் சொல்வேன் என்று நண்பர் நினைத்திருப்பார். வேண்டாம் என்றேன். முன்னோட்டச் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைக்காதவர்களுக்கு வருடக் காசை மொத்தமாகக் கொடுக்க எனக்கு மனசில்லை. மாதச் சந்தா போதும், அதுவும் டிவியை மியூட்டில் வைத்துவிட்டு ஆப்பைத் திறக்கிறவர்களுக்கு.