கையால் சுட்டுவதா, கண்ணால் தேர்வதா?

மெய்நிகர் உலகில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலிருந்து நீளும் ஒளிக்கற்றையால் சுட்டி பட்டனை அழுத்தலாம். அல்லது பார்வையாலேயே தேர்வு செய்யலாம்.

கன்ட்ரோலர் வேகமானது, எதைத் தேர்ந்தோம் என்பதில் குழப்பமும் குறைவு. ஆனால் கையைத் தூக்கியே வைத்திருந்தால் தோள் வலிக்கும். கை லேசாக நடுங்கினாலும் தூரத்தில் கற்றையின் முனை பெரிதாக ஆடும். பட்டனை அழுத்தும் அந்த நொடியில்கூடக் குறி நழுவும். இரண்டு கன்ட்ரோலர் கட்டாயம் என்றால், ஒரு கை மட்டும் உள்ளவர் வெளியேதான் நிற்க வேண்டும்.

பார்வைக்குக் கை வேண்டாம். சிக்கல் வேறு: கண் எதையாவது பார்த்துக்கொண்டேதான் இருக்கும். பார்த்ததெல்லாம் தேர்வாகிவிட்டால் என்ன செய்வது? 1990-இல் ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் இதை, தொட்டதெல்லாம் பொன்னாகிவிட்ட கிரேக்கக் கதை மன்னன் மைடாஸின் பெயரால் 'மைடாஸ் தொடுகை' என்றார். அதனால், சிறிது நேரம் நிலைத்துப் பார்த்தால்தான் தேர்வு என்று வைக்கிறார்கள். அந்த நேரம் குறைந்தால் தவறுகள், கூடினால் சலிப்பு. அதைப் பயனரே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். இதில் சமரசமே கூடாது.

நிஸ்டாக்மஸ் என்ற கண் பாதிப்பு இருந்தால் கண் தானாக அசையும், அப்போது பார்வைத் தேர்வு கைகொடுப்பது கடினம். ஆப்பிளின் விஷன் புரோ என்ற தலையில் அணியும் கருவியில் தலை, மணிக்கட்டு, ஆட்காட்டி விரல் ஆகியவற்றாலும் சுட்டலாம். இது சரியான திசை.

கை வலுவில்லாதவருக்கு நான் பார்வையையே பரிந்துரைப்பேன், தலையசைவு மாற்றாக இருந்தால் மட்டும். பார்வையற்றவருக்கு இரண்டுமே போதாது; பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் ஒலியும், குரல் கட்டளையும் தொடக்கத்திலேயே வடிவமைப்பில் இடம்பெற வேண்டும்.