தேக்காவில் பிரிண்ட் எடுக்கப் போய் மாமாவுடைய 400 வெள்ளி போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு லேப்டாப் உயிரை விட்டுவிட்டது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய காகிதங்களைப் பிரிண்ட் எடுக்கத் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட கடைகள் அங்கே நிறைய.

"எங்க வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பிடுங்கக்கா" என்றார் கடைத் தம்பி. முன்பின் தெரியாத போனில் என் பாஸ்போர்ட் எதற்கு என்று ரொம்பப் புத்திசாலியாக யோசித்து, மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தேன். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தேன், ஃபைல்களை இறக்கினேன், பிரிண்ட் கொடுத்தேன். பின்னால் ஆறேழு பேர் நின்றதால் அவசரமாக மேலே இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு வந்தேன். 7 பக்கத்துக்கு 3 வெள்ளி 50 காசு, அதாவது மூன்றரை சிங்கப்பூர் டாலர்.

புதன்கிழமை மதியம் உட்லண்ட்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கு என் நம்பரிலிருந்தே மெசேஜ் போயிருக்கிறது. வேலையிடத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவேன், எனக்கு ஒன்றும் தெரியாது. "மாமா, அவசரம், 400 வெள்ளி இந்த நம்பருக்குப் பேநவ் பண்ணுங்க. சம்பளம் வந்ததும் தந்துடறேன்." போன் நம்பருக்கே பணம் அனுப்பும் பேநவ்வில் வேறு பெயர் வருகிறதே என்று மாமா கேட்டிருக்கிறார். "கூட வேலை பார்க்கிறவங்க நம்பர் மாமா" என்று பதில். குடும்பக் குரூப்பை மேலே போய்ப் படித்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நான் அவரை மாமா என்று கூப்பிடுவது எப்படித் தெரியும்? வேலை முடிந்ததும் அந்த மெசேஜ்களை அழித்துவிட்டார்கள், என் போனிலும் சுவடே இல்லை. இரவு மாமா "காசு கிடைச்சுதாம்மா?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது.

பெருக்கல் குறியை அழுத்தினால் பக்கம் மூடும், அவ்வளவுதான். கணக்கு அந்தக் கம்ப்யூட்டரோடு இணைந்தேதான் இருக்கும். அடுத்து உட்காருகிறவர் அதே தளத்தைத் திறந்தால் உங்கள் மெசேஜ்கள் வந்து நிற்கும். உங்கள் போன் அணைந்திருந்தாலும் அது வேலை செய்யும். போனில் வாட்ஸ்அப் அமைப்புகளுக்குப் போய், இணைக்கப்பட்ட சாதனங்கள் என்பதைப் பாருங்கள். என்னுடையதில் 'கூகுள் குரோம், விண்டோஸ்' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தேன், மூன்று நாள் தாமதமாக. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்றிரவே மாமா வங்கிக்குப் போன் செய்தார், 1799 மோசடி உதவி எண்ணுக்கும் பேசினோம், போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று. பணம் இன்னும் வரவில்லை. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனேன். "லாக் அவுட் பண்ணாதது உங்க தப்புக்கா, தினம் நூறு பேர் உட்கார்றாங்க" என்றார் அதே தம்பி. என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். செய்தது யார் என்றும் எனக்குத் தெரியாது, கடை மேல் பழி போடவில்லை. ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். என் சம்பளச் சீட்டும் பாஸ்போர்ட்டும் அப்படியே கிடந்தன. அவற்றோடு யாரோ ஒருவரின் ஒர்க் பெர்மிட், ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், இன்னொருவரின் சிபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) அறிக்கை. அடையாள அட்டை நகலைத் தேவையில்லாமல் வாங்கி வைக்கக் கூடாது என்று 2019 செப்டம்பரிலிருந்து இந்த ஊரில் விதி இருக்கிறது. இங்கே யாரும் கேட்டு வாங்கவில்லை, நாமே போட்டுவிட்டு வந்திருக்கிறோம். கடை மூடும்போது ஒருமுறை துடைத்தால் என்ன?

இன்காக்னிட்டோவில், அதாவது மூடியதும் லாக் இன் விவரத்தை வைத்துக்கொள்ளாத ஜன்னலில், திறந்தால் போதும் என்று ஒரு தோழி சொன்னாள். பாதி சரி. எல்லா ஜன்னலையும் மூடினால் லாக் இன் போய்விடும், ஆனால் இறக்கிய ஃபைல் போகாது. அதை நாமே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். தட்டுவதை எல்லாம் பதிவு செய்யும் மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தால் இன்காக்னிட்டோவும் காப்பாற்றாது. அதனால் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான லாக் இன்), வங்கி இரண்டையும் பொதுக் கம்ப்யூட்டரில் நான் இனித் திறப்பதாக இல்லை. போனிலேயே பிடிஎஃப் இறக்கி, பிரிண்டுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் ஒரு தம்ப்டிரைவில் போட்டு எடுத்துப் போகிறேன். அதில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரலாம், அதனால் வேறு எதையும் அதில் வைப்பதில்லை.

என் ஃபைல்களை அழித்தேன். மற்றவர்களுடையதைத் தொடலாமா என்று கொஞ்சம் தயங்கி, அந்தப் பிறப்புச் சான்றிதழை மட்டும் சேர்த்து அழித்துவிட்டு எழுந்தேன். கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்ததற்கு 1 வெள்ளி கேட்டார் தம்பி. கொடுத்துவிட்டு வந்தேன்.