மும்பையில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? எடை தெரியாமல் தலையாட்டாதீர்கள்

2025இல் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு, சாப்பிடுவதற்கென்றே மூன்று நாள் மும்பைக்குப் போனோம். நான், என் கணவர், என் மாமியார். அத்தை தாராவியில் பிறந்தவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறியவர். கல்யாணமாகி ஊருக்கு வந்த பிறகு நாற்பத்தோரு ஆண்டுகளாக அத்தை மும்பையைப் பார்க்கவில்லை. அவருக்காகவே போட்ட பயணம் இது. சனிக்கிழமை இரவு ஒரு மீன் உணவகத்தில் அவர் எதிரிலேயே எங்களை ஏமாற்றினார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. இனிப் போகிறவர்களாவது தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

மற்றபடி எங்கள் பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலை மாட்டுங்காவில், 1940இலிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்து ரச வடையும் ராகி தோசையும் சாப்பிட்டோம். சனிக்கிழமை மதியம் பல்லார்ட் எஸ்டேட்டில் 1923ஆம் ஆண்டு தொடங்கிய பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ். ஈரானிலிருந்து வரும் சின்னஞ்சிறு சிவப்புப் பழங்களைச் சோற்றின் மேல் தூவித் தருகிறார்கள். அந்தப் புளிப்பு அத்தைக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டு இடத்திலும் விலை எழுதியிருந்தது, எழுதிய விலையைத்தான் வாங்கினார்கள்.

சனிக்கிழமை இரவு மீன் என்று முடிவு செய்திருந்தோம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிந்து, நாரளி பௌர்ணமியன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புது மீன் வரத் தொடங்கியிருக்கும் என்று அத்தையே நாள் கணக்குப் பார்த்துச் சொன்னார். மும்பையில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி நம்பகமான ஓர் உணவகத்தின் பெயரைத் தந்திருந்தாள்.

அன்று விடிகாலையிலிருந்தே கனமழை. போதாததற்குத் தஹி ஹண்டி என்னும் உறியடித் திருவிழா வேறு. தெருவுக்குத் தெரு பானை கட்டி, கூட்டம் திரண்டு, வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். தாதரில் நாங்கள் தங்கியிருந்த இடத்தின் அருகே ஒரு கறுப்பு மஞ்சள் டாக்ஸியைப் பிடித்தோம். (அத்தை பழைய பத்மினி காரைத் தேடினார். 2023 அக்டோபரோடு அவை ஓய்ந்துவிட்டன என்றதும் முகம் வாடிவிட்டது.) உணவகத்தின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், “அது இன்று மூடல், அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது” என்றார். அதைவிட நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் போகும் இடம் என்றும் சொன்னார். மழையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் சந்தேகம் வரவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாயில் தொடங்கிய மீட்டர், முடிவில் காட்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட அவர் கேட்கவில்லை. அதனாலும் நம்பினோம். நாங்கள் இறங்கும்போது வாசல் காவலர் ஒரு சிறு நோட்டில் டாக்ஸியின் எண்ணைக் குறித்துக்கொண்டதை அத்தை கவனித்திருக்கிறார். எதற்காக என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

உள்ளே மேசைகள் பாதி காலி. மெனு அட்டையில் காய்கறி, கோழி, நீர் தோசை எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. வாவல், நண்டு, சிங்கி இறால் மூன்றுக்கும் எதிரே ‘அளவுக்கேற்ப’ என்று மட்டும் போட்டிருந்தது. விலை கேட்டதும் சர்வர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். ஒரு பெரிய தட்டத்தில் பனிக்கட்டி பரப்பி மீனையும் நண்டையும் கொண்டுவந்து காட்டினார். பளபளவென்று ஒரு வாவல். கொடுக்கு இரண்டையும் கயிற்றால் கட்டிய நண்டு, இன்னும் உயிரோடு அசைந்துகொண்டிருந்தது. “இவை மூன்று பேருக்குச் சரியாக இருக்கும்” என்றார்.

அத்தை நண்டைத் திருப்பி அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தால் சதை இருக்கும், அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான். நண்டு கெட்டியாக இருந்தது. பிறகு என்னிடம் மெதுவாக, “எடையைக் கேள் அம்மா” என்றார். கேட்டேன். “சின்னதுதான் மேடம், விலை அதிகம் வராது” என்று சொல்லிக்கொண்டே சர்வர் தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிமிடம் நான் எழுந்து போய், எடை போட்ட பிறகு சமையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பசியில் இருந்தோம், வெளியே மழை கொட்டியது, பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் பம்பாய் டக் என்கிற பொம்பில் மீன் வறுவல் வந்தது. அது நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்து வந்த தந்தூரி வாவலைப் பார்த்ததுமே அத்தை தலையசைத்தார். தட்டத்தில் பார்த்த மீன் நல்ல நீளம். இது பரிமாறும் கரண்டியின் நீளத்துக்குக்கூட இல்லை. சதை பிடிப்பில்லாமல் உதிர்ந்தது. நாள்கணக்கில் ஐஸில் கிடந்த மீன் அப்படித்தான் உதிரும் என்று மீன் வாங்கிப் பழகிய யாருக்கும் தெரியும். நண்டு கஸ்ஸியில், அதாவது தேங்காய் அரைத்த குழம்பில், கொடுக்கு ஒன்றுதான் இருந்தது. ஓட்டை உடைத்தால் உள்ளே கொழகொழவென்று தண்ணீர், சதை நூல் நூலாக. அத்தை அழுத்திப் பார்த்த நண்டு அதுவாக இருக்கவே முடியாது. இன்னொரு கொடுக்கு எங்கே என்று கேட்டோம். சமைக்கும்போது உடைந்து குழம்பில் கரைந்திருக்கும் என்றார் சர்வர். நண்டுக் கொடுக்கின் ஓடு குழம்பில் கரையுமா? நான் இரண்டு தட்டையும், பக்கத்தில் கரண்டியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு பில் வந்தது. வாவல் 700 கிராம், நூறு கிராமுக்கு 350 வீதம் 2,450 ரூபாய். நண்டு ஒரு கிலோ 160 கிராம், நூறு கிராமுக்கு 250 வீதம் 2,900. பொம்பில் 480, நீர் தோசை மூன்று தட்டு 420, சோல்கடி (கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த பானம்) மூன்று 360, கேட்காமலே திறந்து வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு 200. மொத்தம் 6,810. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 681. அந்தக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 374 ரூபாய் 55 காசு. ஆக 7,866. நூறு கிராமுக்கு இன்ன விலை என்பதையே பில்லில்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

மேலாளரைக் கூப்பிட்டு, எடை போட்ட தராசைக் காட்டுங்கள் என்றோம். சமையலறைக்குள் வெளியாட்களை விட மாட்டோம் என்றார். எடைச் சீட்டாவது இருக்கிறதா என்றோம், அப்படி வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை என்றார். என் கணவர் குரலை உயர்த்தியதும் இரண்டு பேர் வந்து மேசையருகே நின்றுகொண்டார்கள். அப்போது அத்தை, நாற்பது ஆண்டுகளாகப் பேசாத மராத்தியில், நிதானமாக மேலாளரிடம் பேசினார். “நான் இந்த ஊரில் பிறந்தவள். சசூன் டாக் மீன் துறைமுகத்தில் என் அம்மாவோடு விடிகாலையில் கூடை பிடித்து மீன் வாங்கியிருக்கிறேன். இந்த வாவல் நானூறு கிராம்கூட இருக்காது.” அந்த ஆள் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அறுபத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

எடை விஷயத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சேவைக் கட்டணத்தில் மட்டும் எதிர்த்து நிற்க முடிந்தது. அந்தச் சட்டம் பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்து மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் அவற்றை எதிர்த்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வாசலில் பலகை வைத்திருக்கிறோம், உள்ளே வந்தாலே சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்றார் மேலாளர். அப்படி ஓர் அர்த்தம் கிடையாது. விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம்.

நான் கைப்பேசியில் 1915 என்று அழுத்தி அவரிடம் காட்டினேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதன் பிறகுதான் 681 ரூபாயையும் அதன் மேல் போட்ட ஜிஎஸ்டியையும் கழித்து, 7,151க்குப் புதிய பில் கொண்டுவந்தார். கொடுக்கும்போதே பழைய பில்லை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் முன்பே படம் பிடித்திருந்தேன். தயவுசெய்து நீங்களும் பில் மேசைக்கு வந்ததும் முதலில் படம் எடுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றி நான் சண்டை போடவில்லை. உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. திறப்பதற்கு முன்பே, சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுவதுதான் வழி.

மறுநாள் காலை, தோழி சொன்ன உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். முந்தைய இரவு பதினொன்றரை வரை திறந்துதான் இருந்தோம், தெருவில் தண்ணீர் நிற்கவே இல்லை என்றார்கள். டாக்ஸி எண் ஏன் நோட்டில் ஏறியது என்பது அப்போதுதான் உறைத்தது: ஆளைக் கூட்டிவந்த ஓட்டுநருக்குக் கமிஷன் கொடுக்கத்தான். ஓர் இடம் மூடியிருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், அந்த இடத்துக்கே ஒரு தடவை பேசிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஞாயிறு மதியம் அத்தைக்குச் சாப்பிடவே மனமில்லை. வற்புறுத்தி மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே ராம நாயக் உடுப்பி உணவகத்துக்குக் கூட்டிப்போனோம். வாழை இலையில் சாதம் விழுந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். ஆனால் மீனைப் பற்றி அந்தப் பயணத்தில் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை 1915இல் புகாரைப் பதிவு செய்தேன். பதினெட்டு நாள் கழித்து அந்த உணவகத்தின் பதில் வந்தது: வாடிக்கையாளரிடம் மீனைக் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே சமைத்தோம். அத்துடன் புகாரை முடித்துவிட்டார்கள். நான் விடுவதாக இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கரண்டி நீள வாவல், ஒற்றைக் கொடுக்கு நண்டு, அவர் மடித்து வைத்துக்கொண்ட முதல் பில், மூன்று படங்களும் மனுவோடு போகின்றன. பனிக்கட்டி மேல் அந்த வாவலும் கயிறு கட்டிய நண்டும் இருந்த தட்டத்தின் படம் மட்டும் என்னிடம் இல்லை. நீங்கள் போகும்போது அதை எடுத்துவிடுங்கள், தட்டம் மேசையை விட்டுப் போவதற்கு முன்பே, தராசின் எண்ணோடு சேர்த்து.