மூச்சை அடக்கி 15 அமர்வுகள்: இடது மார்பகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி ஒரு மதிப்பீடு

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்வார்கள். இடது மார்பகத்திலிருந்த கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு எனக்கும் கரண்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, என் பயமெல்லாம் அந்த மார்பகத்துக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தைப் பற்றியதாகவே இருந்தது. என் அப்பா மாரடைப்பில் போனவர். கொங்குப் பகுதியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், ஆழ்ந்து மூச்சிழுத்து அடக்கிக்கொள்ளும் முறையில் 15 அமர்வுகளையும் முடித்த பிறகு இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முறை மிக எளியது. நுரையீரல் நிறைய மூச்சை இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்குகிறது, இதயமும் மார்புச் சுவரை விட்டுச் சற்று விலகிக் கீழ்நோக்கிப் போகிறது. அந்த நிலையிலேயே 20 விநாடி அசையாமல் இருந்தால், கதிர்கள் மார்பகத்தை உரசினாற்போல் கடந்து போகும்போது இதயமும் அதன் முன்பக்கத்தில் இறங்கும் தமனியும் பெரும்பாலும் அவற்றின் பாதைக்கு வெளியே நின்றுவிடும். இதை வெறும் கூடுதல் வசதி என்று நான் நினைக்கவில்லை. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், இதயம் சராசரியாக வாங்கும் ஒவ்வொரு கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளின் வீதம் 7.4 சதவீதம் கூடியதாகவும், இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் தென்படவில்லை என்றும் கண்டார்கள். இயல்பிலேயே மாரடைப்பு அபாயம் குறைந்தவருக்கு இந்தக் கூடுதல் சிறியதுதான் என்பதையும் என் மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். சர்க்கரையும் குடும்ப வரலாறும் உள்ள என்னைப் போன்றவருக்கு அது சிறியதாகத் தோன்றவில்லை.

முதல் நாள் சிமுலேஷன், அதாவது சிகிச்சையைத் திட்டமிடுவதற்கான ஒத்திகை. சாதாரண மூச்சில் ஒரு சி.டி. ஸ்கேன், மூச்சை அடக்கி இன்னொன்று என இரண்டு எடுத்தார்கள். மார்பிலும் பக்கவாட்டிலும் கடுகளவு மைப்புள்ளிகளைக் குத்தினார்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம், சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி வீட்டில் பயிற்சி செய்திருந்தேன். வகுப்பில் 27 ஆண்டுகள் கத்திப் பாடம் நடத்திய நுரையீரல், 12 விநாடியிலேயே திணறியதைக் கண்டபோது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. பழகப் பழக 25 விநாடி வரை வந்தது. இந்தப் பயிற்சியைப் பற்றி மருத்துவமனை ஒரு துண்டுத் தாள்கூடத் தரவில்லை. உடன் காத்திருந்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிகிச்சை அறையில் நடப்பது இதுதான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பிடிகளில் வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். மேல் வயிற்றில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைக்கிறார்கள். அதன் ஏற்ற இறக்கத்தைக் கேமரா கண்காணிக்கிறது. கண்ணுக்கு மாட்டிய கண்ணாடிக்குள் நம் மூச்சு ஒரு மஞ்சள் பட்டையாக ஏறி இறங்குவது தெரியும். அது பச்சைக் கட்டத்துக்குள் போய் நின்றால்தான் கதிர் பாயும், நழுவினால் இயந்திரம் தானே நிறுத்திவிடும். "அம்மா, மெதுவா மூச்சை இழுங்க... இன்னும் கொஞ்சம்... போதும், அப்படியே பிடிங்க" என்று ஒலிபெருக்கியில் வரும் குரலுக்குப் பிறகு ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும். வலி எதுவும் இல்லை. ஏசிக் குளிர்தான் எலும்பு வரை இறங்கும்.

இந்தச் சேவையின் தரம் அந்த ஒலிபெருக்கிக் குரலில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. முதல் எட்டு நாள் இருந்த டெக்னீஷியன் தம்பி, ஒவ்வொரு முறையும் இரண்டு சாதாரண மூச்சு விட அவகாசம் கொடுத்து, பிறகுதான் இழுக்கச் சொல்வார். 15 நிமிடத்தில் மேசையிலிருந்து எழுந்துவிடுவேன். அவர் விடுப்பில் போன இரண்டு நாள் வந்தவர், வெளியே கூட்டம் என்ற அவசரத்தில் மூச்சு வாங்கவே விடாமல் கட்டளையிட்டதால், பட்டை பச்சையைத் தொடாமல் மீண்டும் மீண்டும் கதிர் நின்றது. தோள் மரத்து, அழுகையே வந்துவிட்டது. அதே இயந்திரம், அதே திட்டம். இயந்திரம் நிறுத்திக்கொண்டதால் இதயத்துக்குக் கேடு வரவில்லை, சரி. ஆனால் அதே அவசரத்தில் ஒரு நோயாளி 'எனக்கு இது வேண்டாம், சாதாரணமாகவே வையுங்கள்' என்று சொல்லிவிடக்கூடும் அல்லவா?

அடுத்த குறை இதைவிடப் பெரியது. மூச்சடக்கும் முறை அங்கே இருக்கிறது என்பதை நானாகக் கேட்கும் வரை யாரும் சொல்லவில்லை. அதற்கான தனிக் கட்டணம் முதல் மதிப்பீட்டுத் தாளில் இல்லாமல் நான்காம் நாள் பில்லில் வந்தது. இதயம் வாங்கும் அளவைத் தாளில் தருமாறு கேட்டபோது, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றார்கள். மருத்துவ இயற்பியலாளர்தான் கணினித் திரையைத் திருப்பி, சாதாரண மூச்சுத் திட்டத்தில் இதயத்தின் சராசரி 4.2 கிரே என்றும், அடக்கிய மூச்சில் 1.7 என்றும் காட்டினார். நன்றாகவே புரிந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

உறவினர்கள் கொண்டுவந்த பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல செல்களைக் காக்கும் என்று கோதுமைப்புல் சாறு முதல் வைட்டமின் மாத்திரைகள் வரை வீட்டில் குவிந்தன. ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைகளை அதிக அளவில் விழுங்கினால் அவை புற்றுச் செல்லுக்கும் கவசமாகிவிடக்கூடும் என்று சொல்லி, மருத்துவர் அவற்றை நிறுத்தினார். இப்படிக் காக்கும் மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. தலை, கழுத்துப் புற்றுநோயில் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காப்பதற்காக அமிஃபோஸ்டின் என்ற ஊசி மருந்தை 1999இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ரத்த அழுத்தச் சரிவும் கடும் வாந்தியும் அதன் கூடப்பிறந்தவை. மார்பகத்துக்கு அது தேவைப்படுவதில்லை. எனக்கான 40 கிரேயை ஒரே தடவையில் கொடுக்காமல் மூன்று வாரத்துக்குப் பிரித்ததே செல்களுக்கான பாதுகாப்புதான்: மறுநாள் அமர்வுக்குள் நல்ல செல்கள் தம் மரபணுவில் விழுந்த உடைப்புகளைப் பெருமளவு சரிசெய்துகொள்கின்றன, புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு.

தோல் மட்டும் தப்பவில்லை. மூன்றாம் வாரம் மார்பகத்தின் கீழ் மடிப்பு கருத்து, வேர்க்குரு போல அரித்தது. தளர்ந்த பருத்தி உடையும் அவர்கள் கொடுத்த களிம்பும் போதுமானதாக இருந்தன.

20 விநாடி மூச்சடக்க முடியாத ஆஸ்துமாக்காரர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். குப்புறப் படுக்க வைத்துக் கொடுக்கும் முறை போன்ற மாற்றுகளை அவர்கள் விசாரிக்கலாம். சென்னையில் 2019 முதல் கிடைக்கும் புரோட்டான் சிகிச்சையைப் பற்றியும் கேட்டேன். புரோட்டான்கள் குறித்த ஆழத்தோடு நின்றுவிடும் என்றாலும், என் அளவுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்றார் மருத்துவர், 1.7 என்ற எண்ணைப் பார்த்த பிறகு எனக்கும் அப்படியே தோன்றியது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். சிகிச்சைக்கும் அந்தத் தம்பிக்கும் முழு மதிப்பெண்ணே கொடுத்திருப்பேன். அலுவலகப் பக்கம்தான் இழுத்துவிட்டது. அளவுத் தாளின் நகல் கடைசி நாள்தான் கைக்கு வந்தது. அதைச் சர்க்கரைக்குப் பார்க்கும் எங்கள் ஊர் மருத்துவரிடம் கொடுத்து, இதயப் பரிசோதனை அறிக்கைகளோடு என் கோப்பில் சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.