ஷேடா ஷேடோவா, டவுட்டா சஸ்பெக்டா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு பையன், நேர்காணலுக்காகத் தன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். தாய்மாமாதான் படிக்க வைத்தார். "ஐ க்ரூ அப் இன் மை அங்கிள்ஸ் ஷேடோ" என்று எழுதியிருந்தான். மாமா நிழலில் வளர்ந்தேன் என்றால் தமிழில் அது நன்றிக்கடன். ஆங்கிலத்தில் படிப்பவருக்கோ, மாமாவின் பேருக்கு முன்னால் தலையெடுக்க முடியாமல் கிடந்தவன் என்று தோன்றும். ஒரே வரி, நன்றியைப் புகாராக்கிவிட்டது.

நமக்கு நிழல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு. வெயில் படாத இடம் ஷேடு. ஒரு பொருளின் உருவம் தரையிலோ சுவரிலோ விழுந்தால் அது ஷேடோ. பாரதி பூங்காவில் மத்தியானம் மரத்தடியில் உட்காருகிறோமே, அது ஷேடு. அதற்கு ஓரம், வடிவம் எதையும் நாம் பார்ப்பதில்லை, குளிர்ச்சிதான் கணக்கு. அதே நாள் நாலரை மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் கடல் பக்கமாக நீளநீளமாகக் கோடு போட்டிருக்கும். அது ஷேடோ. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். ஷேடை எண்ண முடியாது. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லின் வெவ்வேறு வேற்றுமை வடிவங்கள்தான். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல ஒரே நிழலில் இருந்தவர்கள்!

அப்படியானால் பையன் ஷேடு என்று எழுதியிருக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். ஆதரவு என்ற பொருளில் நாம் சொல்லும் நிழலுக்கு இரண்டுமே ஈடாகாது. "மை அங்கிள் ப்ராட் மீ அப்" என்று நேராக எழுதச் சொன்னேன். அழகு குறைந்தாலும் மாமாவுக்கு நியாயம் நடந்துவிடும்.

நிழலாவது பரவாயில்லை, சந்தேகத்தில்தான் நிஜமான ஆபத்து. டவுட், சஸ்பெக்ட் இரண்டுக்கும் அகராதியில் சந்தேகி என்றே போட்டிருக்கும். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசை. "அப்படி இருக்காது" என்ற பக்கம் மனம் சாய்ந்தால் டவுட். "அப்படித்தான் இருக்கும்" என்ற பக்கம் சாய்ந்தால் சஸ்பெக்ட். எங்கள் தெருவில் தண்ணீர் மோட்டார் திருட்டுப் போனபோது, பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிய புகாரை என்னிடம் காட்டினார். இன்னார்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன் என்பதை "ஐ டவுட் தட் ஹி டுக் தி மோட்டார்" என்று எழுதியிருந்தார். அவர் எடுத்திருக்க மாட்டார் என்றல்லவா அதற்கு அர்த்தம்? அண்ணன் குற்றம் சாட்டப் போய் நற்சான்று கொடுத்துவிட்டார். டவுட்டை அடித்து சஸ்பெக்ட் போட்டுக் கொடுத்தேன்.

இதில் நம் ஊருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் பெரியப்பா ஒருமுறை விளக்கினார்: பிரெஞ்சில் தூத்தே என்றால் நம்பாமல் சந்தேகிப்பது, முன்னால் ஒரு சின்ன 'ஸ' சேர்த்து 'ஸ தூத்தே' என்றால், அப்படித்தான் இருக்கும் என்று ஊகிப்பது. ஒரே எழுத்தில் திசை திரும்பிவிடுகிறது. ஆங்கில டவுட் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். வாயில் வராத அந்த 'பி', லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்பாடு எழுத்தில் மட்டும் நுழைந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் டவுட்டை இன்றும் சஸ்பெக்ட் போலவே சொல்பவர்கள் உண்டு. ஆகவே நம் குழப்பம் முட்டாள்தனமில்லை. பிள்ளைகளிடம் இதை அடிக்கடி சொல்வேன். பயம் போனால்தான் வாய் திறப்பார்கள்.

வகுப்பில் "சார், ஒரு டவுட்" என்று கேட்கிறோமே, அது நம் நாட்டு வழக்கு. உள்ளூரில் தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது கொஸ்டின் என்று சொல்வதே நல்லது. டவுட் என்றால் தான் சொன்னதை நம்பவில்லையோ என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்து எதிர்பார்ப்பு. ஹோப் என்றால் நடந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசை. எக்ஸ்பெக்ட் என்றால் நடக்கும் என்ற கணக்கு. சில இடங்களில் நடந்தாக வேண்டும் என்ற அதட்டல். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை" என்று முடித்தால், பதில் போடு என்று உத்தரவு போட்டது போல இருக்கும். "ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ" போதும். பணிவாக இருக்கும், கெஞ்சலாகவும் இருக்காது. கொடுத்த பணத்துக்குச் சாமான் வந்து சேரவில்லை என்று எழுதும்போது மட்டும் எக்ஸ்பெக்ட்டையே எடுங்கள், தயங்க வேண்டாம்.

லெண்ட், பாரோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடன் கொடுப்பது லெண்ட், கடன் வாங்குவது பாரோ.

வாடகையில் கதை தலைகீழ். வாடகைக்கு விடுகிறோம், வாடகைக்கு எடுக்கிறோம். தமிழில் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரெண்ட்தான். "ஐ ரெண்டட் எ ஹவுஸ் இன் லாஸ்பேட்டை" என்று மட்டும் எழுதினால் நீங்கள் வீட்டுக்காரரா, குடித்தனக்காரரா என்று படிப்பவருக்குத் தெரியாது. விட்டிருந்தால் பின்னால் 'டு' போட்டு யாருக்கு என்று எழுதுங்கள். எடுத்திருந்தால் 'ஃப்ரம்' போட்டு யாரிடமிருந்து என்று எழுதுங்கள்.