கனெக்டிங் ராடு: ‘ஐ’ பீமா, ‘எச்’ பீமா?

டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் ஒன்று டர்போவைப் பெரிதாக்கும் வேலைக்காக எங்கள் பட்டறைக்கு வந்தபோது, வண்டிக்காரர் முதலில் கேட்டது “ஐ பீம் போடலாமா, எச் பீம் போடலாமா?” என்பதைத்தான். பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைப்பதுதான் கனெக்டிங் ராடு; அதன் குறுக்குவெட்டு எந்த எழுத்தைப் போலிருக்கிறதோ, அதுவே பீமின் பெயர். பதில் சொல்வதற்கு முன், எஞ்சினிலிருந்து கழற்றிய கம்பெனி ராடுகளையும், அவர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்த எச் பீம் செட்டையும், நாங்கள் வரவழைத்த விலை கூடிய ஐ பீம் செட்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து அளந்து பார்த்தோம். அந்த ஒப்பீடுதான் இந்த மதிப்புரை.

ராடு எதைத் தாங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மில்லிமீட்டர். ராடின் நீளம், துளை மையத்திலிருந்து துளை மையம் வரை, 142 மில்லிமீட்டர். பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பின், ரிங்குகள் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று) பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ ஒன்றரை டன். 8,000 ஆர்பிஎம்மில் அதுவே 2 டன் ஆகிவிடுகிறது, ஏனெனில் இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டனை எதிர்த்து அழுத்த வாயு அழுத்தம் ஏதும் இல்லாததால், இந்த இழுப்பு முழுவதும் ராடின் மீதும் கீழ் முனையின் பாதி வளையமான கேப்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களின் மீதும் விழுகிறது. மாறாக, டர்போ வேலை செய்யும்போது சிலிண்டருக்குள் 100 பார் அழுத்தம் எழுந்தால், அதே ராடை ஏறக்குறைய 6 டன் விசை கீழ்நோக்கி அமுக்கும். ஆக, ஆர்பிஎம் போல்ட்டைச் சோதிக்கிறது. டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்ட், ராடின் நடுத் தண்டைச் சோதிக்கிறது.

தண்டின் குறுக்குவெட்டு ‘ஐ’ வடிவம் பெற்றதற்குக் காரணம், இயந்திரவியல் மாணவர்கள் தேர்வுக்குப் போட்டுப் பழகும் அந்தப் பழைய கணக்குத்தான். ராடு ஆடும் தளத்தில் அதன் இரு முனைகளும் பின்னைச் சுற்றித் தாராளமாகச் சுழல்கின்றன. கிராங்கின் அச்சுத் திசையிலோ அவை இறுகப் பிடிக்கப்பட்டது போல நிற்கின்றன. எனவே ஆடும் தளத்தில் வளையாமல் இருக்க, மற்றத் திசையைப் போல நான்கு மடங்கு நிலைமத் திருப்புதிறன் (வெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) தேவைப்படுகிறது. தடிமனைப் போல ஐந்து மடங்கு உயரமும் நான்கு மடங்கு அகலமும் கொண்ட ‘ஐ’ வெட்டு 3.2 மடங்கைத் தந்து அதற்கு நெருங்கிவிடுகிறது. எச் பீம் இதையே 90 பாகை திருப்பியது போன்றது: பள்ளம் ராடின் ஓரங்களில் இருக்கும், எஞ்சினின் முன்புறத்திலிருந்து பார்த்தால் தட்டையான முகம் தெரியும். ஆனால் தட்டுகளின் தடிமனையும் அகலத்தையும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறாக வைப்பதால், எழுத்தை மட்டும் வைத்து எது வலுவானது என்று தீர்ப்புச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

எச் பீம் செட்டுக்கு வருவோம். உலோகம் 4340 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். நம் பட்டறைகளில் இஎன்24 என்று புழங்கும் நிக்கல்-குரோமியம்-மாலிப்டினம் எஃகுக்கு நிகரானது அது. மேற்பரப்பு பளபளப்பாக, பார்க்க அழகாக இருந்தது. தராசில் வைத்தபோதுதான் ஆறு ராடுகளில் ஒன்று மற்றவற்றைவிட 5 கிராம் கூடுதலாக இருந்ததும், ராடின் மேல் முனையான ஸ்மால் எண்ட்டின் புஷ் ஒன்றில் பிஸ்டனின் கட்ஜன் பின் இறுக்கமாக ஏறியதும் தெரிந்தன. எடையைச் சமன்செய்து, புஷ்ஷை ஹோன் செய்து (உட்புறத்தை நுணுக்கமாகத் தேய்த்து) கொடுத்தால் அந்த செட்டும் ஓடும்தான். ஆனால் அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மலிவு என்ற பேச்சு பாதியாகக் கரைந்துவிடுகிறது.

ஐ பீம் செட் கனமாகவே இருந்தது. தண்டு, கிராங்கைப் பற்றும் பிக் எண்ட்டோடு சேரும் இடத்தில் வளைவு பெரியதாக, கருவித் தடம் ஏதும் இல்லாமல் இருந்ததை விரல் நகத்தால் தடவியே உணர முடிந்தது. உலோகச் சோர்வில் (திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் தளர்வதில்) விரிசல் பெரும்பாலும் இத்தகைய சேர்க்கைகளிலும் கீறல்களிலும்தான் தொடங்கும் என்பதால், விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் எண்ணைவிட இந்த வளைவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதைவிடப் பெரிதாக மதிப்பது போல்ட்டை. இரண்டு செட்களிலும் ஏஆர்பி நிறுவனத்தின் ‘ஏஆர்பி 2000’ போல்ட்கள் வந்தன. அவற்றின் இழுவிசை வலிமை சதுர அங்குலத்துக்கு 2,20,000 பவுண்டு. இவற்றை, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முடுக்காமல், ஸ்ட்ரெச் கேஜ் வைத்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்தே முடுக்க வேண்டும், ஏனெனில் மரையில் போடும் எண்ணெய் மாறினாலே அதே டார்க்கில் பிடிப்பு மாறிவிடும். இன்னும் வலுவான எல்19 போல்ட்டும் உண்டு. ஆனால் ஈரம் பட்டால் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அதற்கு இருப்பதால், நம் ஊர் வெயிலில் வியர்வைக் கையோடு வேலை செய்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பெனி ராடைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. அடித்து உருவாக்கிய எஃகு ஐ பீமான அது, மிதமான பூஸ்ட்டுக்குப் புதிய போல்ட் போட்டாலே போதும். இன்றைய பல கார்களில் வரும் ராடுகள் வேறு வகை: ஒரே துண்டாகச் செய்து, பிக் எண்ட்டை உடைத்துப் பிரித்தவை. உடைந்த முகங்கள் மீண்டும் அச்சாகப் பொருந்துவதால் கேப் நகராது. ஆனால் பழைய வழக்கப்படி கேப்பைத் தேய்த்துத் துளையைச் சரிசெய்ய நினைத்தால் அந்த ராடு பாழ்.

டைட்டானியமும் அலுமினியமும் தனி உலகம். 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், பின்னர் கார்வெட் இசட்06இன் 7 லிட்டர் எல்எஸ்7 ஆகியவற்றில் டைட்டானியம் ராடு இருந்தது; எடை குறைவதால் உயர் ஆர்பிஎம்முக்கு அருமையானது, விலையோ கைக்கு எட்டாதது. அலுமினியம், நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் டிராக் (drag) பந்தயத்துக்கு உகந்தது. சோர்வு எல்லை (அதற்குக் கீழ் எத்தனை முறை விசை பட்டாலும் உடையாத வரம்பு) என்று ஒன்று அதற்கு இல்லாததால், தினமும் ஓட்டும் வண்டியில் போடக்கூடாது.

வண்டிக்காரர் கேட்டது பூஸ்ட், ஆர்பிஎம் அல்ல. 7,000க்கு மேல் சுற்ற அவருக்கு எண்ணமில்லை. ஆகவே ஐ பீம் செட்டையே போட்டோம். எச் பீம் செட், எடை கூடிய அந்த ஒரு ராடில் மார்க்கர் பேனாவால் “+5” என்று எழுதப்பட்டு, இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.