பிள்ளைக்கான மாற்றுத்திறனாளி கொடுப்பனவு: ஒரு பிரதேச செயலகத்தின் சேவை

நான்கு வயதாகும் என் மகனுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாட்டில் இல்லாத நிலை. அவருக்குரிய மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பதற்காகத் திருகோணமலை மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றின் சமூக சேவைப் பிரிவுக்கு மூன்று மாதங்களில் ஐந்து தடவை போய் வந்தேன். 2025 ஏப்ரலில் இக்கொடுப்பனவு மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாரம் இரண்டு முறை சிகிச்சைக்கு ஓட்டோ பிடிக்கும் வீட்டுக்கு அது சின்னத் தொகையன்று.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி இருக்க வேண்டுமென்று 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்ட நாட்டில், மாற்றுத்திறனாளிகள் தேடி வரும் இந்தப் பிரிவு மேல்மாடியில் இருக்கிறது. பதினான்கு கிலோ பிள்ளையை இடுப்பிலும் பத்திரக் கோப்பைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு படியேறினேன். விதானையாரின் (கிராம உத்தியோகத்தரின்) சான்றிதழில் வீட்டு இலக்கம் விடுபட்டிருப்பதை முதல் நாளே பார்த்துச் சொல்லாமல், இரண்டாம் நாள் வந்த பிறகு திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் விண்ணப்பத்தை நிரப்பிய பெண் உத்தியோகத்தரிடம் எனக்குக் குறையே இல்லை. "மகன் தானாகச் சாப்பிடுவாரா?" என்று கேட்டார். "சாப்பிடுவார், மிஸ்" என்றேன். சொந்தக்காரர் வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. பிள்ளையை விட்டுக்கொடுக்க வாய் வராது. அவர் பேனாவை வைத்துவிட்டு, "இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டவர், எப்படிச் சாப்பிட்டவர் எண்டு சொல்லுங்கோ" என்றார். இடியப்பத்தைச் சொதியில் கூழாகப் பிசைந்து, அவர் தலையை என் முழங்கையில் சாய்த்து, புரைக்கேறாமல் கரண்டி கரண்டியாக ஊட்டி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனதைச் சொன்னேன். "அதைத்தான் அம்மா எழுத வேணும்" என்று எழுதத் தொடங்கினார். நான்கு வயதுப் பிள்ளையை எல்லாத் தாய்மாரும்தான் குளிப்பாட்டுகிறார்கள் என்பதால், அதே வயது அயல்வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படாத எந்த உதவி இவருக்குத் தேவைப்படுகிறது என்பதையே ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டு எழுதினார். படிவம் பெரியவர்களை நினைத்துத் தயாரிக்கப்பட்டது. 'தொழில்' என்ற கட்டத்தில் சிரிக்காமல் ஒரு கோடு இழுத்தார்.

பிறப்புச் சான்றிதழ், தாயின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளோடு கிளினிக் கொப்பியையும் கொண்டு போனது நல்லதாயிற்று. மருத்துவ அறிக்கை பெறும்போது, நோயின் பெயரோடு நிறுத்திவிடாமல் பிள்ளையால் உட்கார, நடக்க, விழுங்க எவ்வளவு முடிகிறது என்பதையும் எழுதித் தருமாறு வைத்தியரிடம் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால் நான்காவது பயணம் அதற்கே போயிற்று.

விண்ணப்பம் ஏற்கப்பட்டுக் கோப்பு இலக்கம் கிடைத்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் போவதானால் வாசலில் இருக்கும் காவலாளியிடம் பிள்ளையைக் காட்டி விடயத்தைச் சொல்லுங்கள். அவர் மேலே அறிவித்தால் உத்தியோகத்தரே கீழே இறங்கி வந்து பத்திரங்களைப் பார்க்கிறார். ஐந்தாம் நாள்தான் இது எனக்குத் தெரிந்தது.